2006 கொரோலாவுக்கு ரேடியேட்டர் தேடும் தம்பிக்கு

தம்பி, டொரண்டோவுக்கு வந்த புதிதில் செகண்ட் ஹேண்டில் ஒரு 2006 கொரோலா ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கிறீர்கள். ஹீட் முள் ஏறுகிறது. கராஜில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். பாகங்களை நீங்களே வாங்கினால் பொருந்துமா, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தால் மலிவாக முடியுமா என்பது உங்கள் கேள்வி.

நீங்களே வாங்கலாம். ஆனால் எந்தப் பாகம் எஞ்சினைச் சேர்ந்தது, எது பாடியைச் சேர்ந்தது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 1இசட்இசட்-எஃப்இ என்ற 1.8 லிட்டர் எஞ்சின். டொயோட்டா மேட்ரிக்ஸ், செலிகா ஜிடி, போன்டியாக் வைப் ஆகியவற்றிலும் இதே எஞ்சின்தான். வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் எஞ்சினில் உட்காருபவை. அதனால் அந்த வண்டிகளுக்கு என்று போட்டிருக்கும் பெட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாக எண் ஒத்துப்போனால் போதும். ரேடியேட்டர், ஹோஸ், ஃபேன் கவர் எல்லாம் பாடிக்கு ஏற்றபடி மாறும். எஞ்சின் ஒன்றுதான் என்று நம்பி செலிகா ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாட்ட இடம் இருக்காது. இன்னொன்று, 2005, 2006 கொரோலாவில் எக்ஸ்ஆர்எஸ் என்று ஒரு ஸ்போர்ட் ரகம் உண்டு. அதன் எஞ்சினே வேறு, 2இசட்இசட்-ஜிஇ. அது மேனுவல் கியரில் மட்டும் வந்தது, உங்களுடையது ஆட்டோமேட்டிக் என்பதால் அது இல்லை. ஆனால் இணையக் கடையில் கவனிக்காமல் அந்த வரியை அமுக்கிவிடுவது எளிது.

மாடலும் வருடமும் மட்டும் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். முன் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் ஓரத்தில் 17 எழுத்துள்ள வின் எண் (வண்டியின் அடையாள எண்) இருக்கும். அதன் பத்தாவது எழுத்து மாடல் வருடம், உங்களுக்கு 6 என்று இருக்க வேண்டும். 2டி1 என்று தொடங்கினால் இங்கே ஒன்டாரியோவிலேயே கேம்பிரிட்ஜில் செய்த வண்டி, 1என்எக்ஸ் என்றால் கலிஃபோர்னியா. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். டொயோட்டா டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் வின் எண்ணைக் கொடுத்தால் பத்து இலக்கப் பாக எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அதை எழுதிக்கொண்டு வெளியே விலை விசாரிப்பது இங்கே சகஜம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்த எண்ணின் முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகையைச் சொல்லும். 16100 என்றால் வாட்டர் பம்ப், 16400 ரேடியேட்டர், 16401 அதன் மூடி, 16571 மேல் ஹோஸ், 16572 கீழ் ஹோஸ், 90916-03 என்று தொடங்குவது தெர்மோஸ்டாட். பின் ஐந்து இலக்கத்தில்தான் உங்கள் வண்டிக்கான விவரம். பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புது எண் கொடுத்திருப்பார்கள் பல சமயம். அதனால் கழற்றிய பாகத்தில் இருக்கும் எண்ணும் கவுண்டரில் சொல்வதும் வேறாக இருந்தால், பழையதற்குப் பதிலாக வந்ததா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பம்புக்கு ஐசின், ரேடியேட்டருக்கு டென்சோ. இவை டொயோட்டாவுக்கே பாகம் கொடுக்கும் நிறுவனங்கள், டீலர் பெட்டி இல்லாமல் வாங்கினால் விலை குறையும். ரேடியேட்டரை மட்டும் வாங்கும் முன் படத்தை உற்றுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலும் ரேடியேட்டருக்குள் போய்த்தான் ஆறுகிறது, அதற்குக் கீழ் டேங்கில் இரண்டு குழாய் முனைகள் இருக்க வேண்டும். மேனுவல் ரேடியேட்டரில் அவை இருக்காது. ஆட்டோமேட்டிக் ரேடியேட்டரை மேனுவல் வண்டியில் முனையை அடைத்து மாட்டிவிடலாம், மேனுவல் ரேடியேட்டரை ஆட்டோமேட்டிக் வண்டியில் மாட்ட முடியாது. மாற்றும்போது அந்தக் குழாயிலிருந்து கொட்டும் கியர் ஆயிலை அளந்து, அதே அளவு, கையேட்டில் சொன்ன வகையைத் திரும்ப ஊற்ற வேண்டும். பல பேர் மறப்பது இது.

தெர்மோஸ்டாட் திறக்க வேண்டியது 82 டிகிரி செல்சியஸில். ஊரில் ‘அதைக் கழற்றி எறி, வண்டி சூடாகாது’ என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இங்கே அப்படிச் செய்தால் ஜனவரியில் ஹீட்டரில் காற்று வெதுவெதுப்பாகக்கூட வராது, எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி0128 கோடுடன் எஞ்சின் விளக்கும் எரியும். அதைவிடக் குறைந்த டிகிரி போட்டாலும் இதே கதைதான். மாட்டும்போது அதில் ஆடும் சிறு பின் மேல்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும். ரப்பர் ரிங்கைத் தனியாக வாங்க மறக்காதீர்கள், சில பெட்டியில் இருக்காது.

கோயம்புத்தூர் யோசனையை விட்டுவிடுங்கள். இந்திய கொரோலாவிலும் 2003 முதல் இதே எஞ்சின் வந்தது, பம்ப் பொருந்தலாம். ஆனால் அது வலதுபக்க ஸ்டீயரிங் வண்டி, ஹீட்டர் ஹோஸ் வளைவுகளை நம்ப முடியாது. அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும், ஒழுகினால் திருப்பித் தரவும் வழியில்லை. காயலான் யார்டில் ஃபேன், ஃபேன் கவர், தண்ணீர் டப்பா, பிராக்கெட் எடுக்கலாம். பம்ப், ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

மூன்றும் உண்மையில் போய்விட்டனவா என்று முதலில் பாருங்கள். பம்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றி இளஞ்சிவப்பு உப்பு படிந்திருந்தால் அல்லது புல்லி ஆடினால் பம்ப் போய்விட்டது. பம்ப் ஓடுவது வெளி பெல்ட்டில், உள்ளே இருப்பது டைமிங் செயின், பம்பை மாற்ற அதைத் தொட வேண்டியதில்லை. டைமிங் வேலையையும் சேர்த்துக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள்: ஏசியைப் போட்டால் சுற்ற வேண்டும். மூடியில் அழுத்த எண் அச்சிட்டிருக்கும், அதே எண்ணில் புதுசு வாங்குங்கள். சல்லி விலை, ஆனால் அது தளர்ந்தாலே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொதித்து டப்பாவுக்கு ஓடிவிடும்.

கூலன்ட் மொத்தம் ஏறக்குறைய ஆறரை லிட்டர் பிடிக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒரு நிறம் போடும். ஆசிய வண்டிக்கான, சிலிகேட் இல்லாத பாஸ்பேட் வகை என்று எழுதியிருக்க வேண்டும். பாதிக்குப் பாதி கலந்து வருவதில் மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. சரிபாதிக் கலவை மைனஸ் 37 வரை உறையாது. ரேடியேட்டரின் வடிகுழாயைத் திறந்தால் பாதிதான் வடியும், மீதி எஞ்சின் பிளாக்கிலேயே நிற்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்தப் பாதி வெறும் தண்ணீராகிவிடும். அப்போது கலக்காத கான்சென்ட்ரேட்டைத்தான் ஊற்றி, எத்தனை டிகிரி வரை உறையாது என்று காட்டும் மிதவை டெஸ்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் தண்ணீரோடு டிசம்பர் வந்தால் பிளாக்கே விரிசல் விடும்.

ஊற்றும்போது வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். மூடி திறந்து, ஹீட்டர் முழுச் சூட்டில், மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். டேஷ்போர்டுக்குள் சளசளவென்று சத்தம் கேட்டால் இன்னும் காற்று இருக்கிறது. மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்த பிறகு மட்டும் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். பம்ப் போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அலுமினிய மரை சீக்கிரம் போய்விடும்.

கராஜில் கொடுப்பதானால், உங்கள் பாகத்தைப் போட்டால் வேலைக்கு உத்தரவாதம் உண்டா என்று முன்பே கேளுங்கள், பல இடங்களில் தர மாட்டார்கள். எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். ஒன்டாரியோ சட்டப்படி அதற்குமேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக வாங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். பம்பின் துளையில் கறை இருக்கிறதா என்று அப்போது நீங்களே பார்த்துவிடலாம்.