நிபுணர் வலையமைப்புகள் ஆலோசகர்களை எதை வைத்து மதிப்பிடுகின்றன?

துறை அனுபவம் உள்ளவர்களைக் கட்டணத்துக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுடன் பேசவைக்கும் நிபுணர் வலையமைப்பு நிறுவனங்கள் தம்மிடம் பதிந்துள்ள ஆலோசகர்களின் செயல்திறனை எப்படி அளக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளாக இத்தகைய தொலைபேசி ஆலோசனைகளை அளித்து வருபவன் என்ற முறையில் என் கருத்து இது: அழைப்புக்கு முன் நீங்கள் எழுதிக் கொடுத்ததும் அழைப்பில் நீங்கள் பேசியதும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதில்தான் உங்கள் மதிப்பு பெரும்பாலும் தீர்மானமாகிறது.

1998இல் நியூயார்க்கில் தொடங்கிய ஜிஎல்ஜி ஆனாலும், 2008இல் லண்டனில் தொடங்கிய ஆல்ஃபாசைட்ஸ் ஆனாலும், இத்தகைய நிறுவனங்களுக்கு முதலீட்டு நிதியங்களும் மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களுமே முக்கிய வாடிக்கையாளர்கள். பணம் தருபவர்கள் அவர்கள் என்பதால் மதிப்பீடும் அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. அழைப்பு முடிந்ததும் அவர்களிடம் மதிப்பெண்ணும் ஓரிரு வரிக் கருத்தும் கேட்கப்படுவது வழக்கம். ஆனால் வேலை நெருக்கடியில் பலர் அதை நிரப்புவதில்லை. அந்த இடத்தில் மறைமுகச் சான்றுகள் பேசுகின்றன. ஒரு மணி நேரத்துக்குத் திட்டமிட்ட அழைப்பைப் பதினைந்தே நிமிடத்தில் வாடிக்கையாளர் நன்றி சொல்லி முடித்துக்கொண்டால், அதற்கு மேல் மதிப்பெண் எதுவும் தேவையில்லை. அதே வாடிக்கையாளர் மறுவாரம் உங்களையே மீண்டும் கேட்டால், அதைவிடச் சிறந்த நற்சான்றும் இல்லை.

அழைப்புக்கு முந்தைய தேர்வுக் கேள்விகளைப் பலர் வெறும் சடங்காக நினைத்துவிடுகிறார்கள். உதாரணமாக, “கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த மென்பொருளை வாங்கும் முடிவில் நீங்கள் நேரடியாகப் பங்கேற்றீர்களா?” என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “இத்துறையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு” என்று எழுதுபவர் தேர்வாகிவிடக்கூடும்; ஆனால் அழைப்பில் விலைப் பேச்சுவார்த்தையைப் பற்றிக் கேட்டதும் அவர் தடுமாறுவார். “இறுதி முடிவு என் மேலாளருடையது, மூன்று நிறுவனங்களின் விலையையும் வசதிகளையும் ஒப்பிட்டு அறிக்கை தந்தவன் நான்” என்று எழுதுபவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது வாடிக்கையாளருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அவரை வாடிக்கையாளருக்குப் பரிந்துரைத்த, வலையமைப்பு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரின் பெயரும் காப்பாற்றப்படுகிறது. அடுத்த வேலைக்கு யாரை அழைப்பது என்று முதலில் யோசிப்பவர் அந்த ஒருங்கிணைப்பாளரே என்பதால், இது சிறிய விஷயம் அல்ல. விரைவாகப் பதிலளிப்பதும் ஒப்புக்கொண்ட நேரத்தைத் தவறவிடாததும் கணக்கில் வரும். கட்டணத்தை உயர்த்தினால் எதிர்பார்ப்பும் கூடவே உயரும்.

சட்ட விதிகளைக் கடைப்பிடிப்பதோ தனிக் கணக்கு. அதில் பாதி மதிப்பெண் என்பதே கிடையாது. அல்சைமர் மருந்துச் சோதனையின் வெளிவராத முடிவுகளை, ஆலோசனை அழைப்புகள் வழியே அறிமுகமான நரம்பியல் மருத்துவரிடமிருந்து 2008இல் பெற்ற அமெரிக்க நிதி மேலாளர் ஒருவர், அவற்றை வைத்துப் பங்கு வணிகம் செய்ததற்காக 2014இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். இத்தகைய வழக்குகளுக்குப் பிறகு இந்நிறுவனங்கள் கட்டுப்பாடுகளை மிகவும் இறுக்கியிருக்கின்றன. எனவே, “அது ரகசியத் தகவல், சொல்ல இயலாது” என்று மறுப்பதால் உங்கள் நிலை தாழ்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். சொல்லிவிட்டால்தான் பட்டியலிலிருந்தே நீக்கப்படுவீர்கள்.

உங்கள் மதிப்பெண்ணைப் பொதுவாக உங்களுக்குக் காட்டமாட்டார்கள். ஆயினும், வாடிக்கையாளருக்கு எது பயன்பட்டது, எது போதவில்லை என்று அழைப்பு முடிந்தபின் ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பலர் வெளிப்படையாகவே சொல்வார்கள்.