வண்ணம் வெறும் ரசனையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தரவுக் காட்சிப்படுத்தல், அதாவது எண்களைப் படமாக வரைந்து காட்டுவது, குறித்த ஆய்வு பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதாந்திர அறிக்கைக்குப் படங்கள் போடுவதும் என் பொறுப்பு. கணக்கெல்லாம் முடிந்த பிறகு, படிப்பவருக்குச் சலிப்புத் தட்டாமலிருக்கத்தான் படம் சேர்க்கிறோம். எந்த வடிவம், எந்த வண்ணம் என்பது அவரவர் ரசனை. இதில் ஆராய என்ன இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

படம் கணக்குக்குப் பின்னால் வருவது என்கிறீர்கள். 1973இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறிய தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரிகள் நான்கிலும் ஒன்றே, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் ஏறத்தாழ 0.816தான். வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிய சிதறல், மற்றொன்று வளைகோடு, எஞ்சிய இரண்டில் ஒரே ஒரு புள்ளி முடிவைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. கணக்கு மறைத்ததைப் படம்தான் காட்டியது.

ரசனை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1984இல் புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் படங்களிலிருந்து அளவுகளை மதிப்பிடச் சொல்லி, மனிதர்கள் செய்யும் பிழையை அளந்தார்கள். பட்டைகளின் உச்சிகளைப் போல, பொதுவான ஓர் அளவுகோலில் இடத்தை ஒப்பிடும்போது பிழை குறைந்தது. வட்டப்படத்தின் துண்டுகளைப் போல, கோணத்தை ஒப்பிடும்போது கூடியது. நெருங்கிய அளவுகளை ஒப்பிட வட்டப்படத்தைவிடப் பட்டைப்படம் ஏற்றது என்பதற்கு இதுவே ஆதாரம்.

வண்ணத்துக்கு வருகிறேன். இதயத் தமனிகளின் உட்சுவரை உரசிச் செல்லும் குருதியோட்டத்தின் விசை எங்கே குறைகிறதோ, அங்கே கொழுப்புப் படிவு உருவாகும் வாய்ப்பு அதிகம். அந்த விசையை முப்பரிமாணத் தமனிப் படத்தின்மேல் வானவில் நிறங்களில் தீட்டிக் காட்டுவது வழக்கமாக இருந்தது. ஆராய்ச்சியாளர் மிஷெல் போர்க்கினும் ஹார்வர்டைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் 2011இல் இதைச் சோதித்தார்கள். அந்தப் பழைய படத்தில் ஆபத்தான இடங்களில் 39 விழுக்காடு மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தமனிகளைத் தட்டையாக விரித்து, குறைந்த விசை மட்டும் தனித்துத் தெரியும்படி நிறத்தையும் மாற்றியபோது அது 91 விழுக்காடானது. தரவு அதேதான்! இதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. தவறவிட்ட ஒவ்வோர் இடமும் ஒரு நோயாளியின் உடலில் இருந்திருக்கக்கூடியது அல்லவா?

காரணம் எளிது. வெளிறியது, அடர்ந்தது என்ற வரிசையைக் கண் தானாகவே உணரும். பச்சைக்கும் ஊதாவுக்கும் இடையே எது பெரியது என்று அதற்குத் தெரியாது. வானவில்லில் நடுவிலிருக்கும் மஞ்சள்தான் மிகவும் பளிச்சிடும் என்பதால், தரவில் இல்லாத எல்லைகள் படத்தில் முளைக்கின்றன.

அடுத்த மாத அறிக்கையில் ஒரே கணக்கை வட்டமாகவும் பட்டையாகவும் வரைந்து, எண்களை மறைத்துவிட்டு, மூன்றாவது பெரிய செலவு எது என்று உடன் பணிபுரிபவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடைகளை எனக்கு எழுதுங்கள்.