‘புட்’ என்ற ஒரே வினையில் இத்தனை ஃபிரேசல் வெர்ப் (வினையோடு ‘ஆன்’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவது) இருக்கின்றனவே, குழம்பாமல் படிப்பது எப்படி?

கேட்டவர் கோலாலம்பூரில் படிவம் 5 மாணவர். ‘புட் ஆஃப்’, ‘புட் ஆன்’, ‘புட் அவுட்’, ‘புட் அப் வித்’ எல்லாவற்றையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்தும், பயிற்சித் தாளில் ஒன்றுக்கொன்று மாறிவிடுகிறது என்கிறார்.

அந்தப் பக்கம்தான் குழப்பத்துக்குக் காரணம். தலை ஒன்றாகவும் வால் மட்டும் வேறாகவும் இருக்கும் சொற்களை ஒரே மூச்சில் படித்தால் எந்த வாலுக்கு எந்தப் பொருள் என்பது நிற்காது. ஒரு நாளைக்கு இரண்டு போதும், அவையும் வெவ்வேறு வினையிலிருந்து இருக்கட்டும். வினையைத் தனியாகப் படிக்காமல், அது எதோடு சேரும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

‘புட் ஆன்’ இதற்கு நல்ல உதாரணம். சட்டையோடு வந்தால் அணிவது, லைட்டோடு வந்தால் போடுவது, ‘வெயிட்’டோடு வந்தால் எடை கூடுவது. இவற்றின் எதிர்ச்சொற்களைப் பாருங்கள். சட்டைக்கு ‘டேக் ஆஃப்’, லைட்டுக்கு ‘டர்ன் ஆஃப்’, எடைக்கு ‘லூஸ் வெயிட்’. ‘ஆன்’னுக்கு எதிர் ‘ஆஃப்’ என்று நினைத்து ‘புட் ஆஃப் மை ஷர்ட்’ என்று எழுதினால் தவறு. ‘புட் ஆஃப்’ என்றால் பெரும்பாலும் தள்ளிப்போடுவது. ‘கால் ஆஃப்’ வேறு, அது அடியோடு ரத்து செய்வது. ‘தே புட் ஆஃப் த மீட்டிங்’ என்றால் கூட்டம் இன்னொரு நாள் நடக்கும். ‘தே கால்டு ஆஃப் த மீட்டிங்’ என்றால் நடக்கவே நடக்காது.

தமிழ் பேசும் நமக்கென்றே ஒரு தடுக்கல் உண்டு. நாம் சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், தேநீர் போடுகிறோம், சத்தம் போடுகிறோம், மனுவும் போடுகிறோம். ஆங்கிலத்தில் இவற்றில் சட்டைக்குத்தான் ‘புட் ஆன்’. மற்றவை ‘சைன்’, ‘மேக் டீ’, ‘மேக் நாய்ஸ்’, ‘அப்ளை’ என்று போய்விடும். சட்டையிலும் கவனம் வேண்டும். ‘நீலச் சட்டை போட்டிருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் புட்டிங் ஆன் எ புளூ ஷர்ட்’ என்று சொன்னால், இந்த நொடியில் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் கேட்பவருக்குப் புரியும். போட்டிருக்கும் நிலைக்கு ‘வேரிங்’. இங்கே மலேசியாவில் ‘ஆஃப் த லைட்’, ‘ஆன் த ஃபேன்’ என்று பேசுவது பழகிப்போன ஒன்று, மாமாக் உணவுக் கடையில் அதனால் ஒரு சிக்கலும் வராது. தேர்வில் மட்டும் ‘டர்ன்’ அல்லது ‘ஸ்விட்ச்’ முன்னால் வரவேண்டும்.

மதிப்பெண் அதிகம் போவது ‘இட்’ எங்கே வரும் என்பதில். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. பெயருக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் அது நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘புட் அப் வித்’ இதற்கு நேர்மாறு. பொறுத்துக்கொள்வது என்ற அந்த மூன்று சொல்லும் பிரியவே பிரியாது, ‘இட்’ கடைசியில்: ‘ஐ காண்ட் புட் அப் வித் இட்’. எது பிரியும், எது பிரியாது என்று ஊகிக்க வேண்டாம். லாங்மேன் இணைய அகராதியில் பிரியக்கூடியவற்றுக்கு நடுவே இரு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

‘புட் யுவர் ஃபுட் டவுன்’ போன்ற மரபுத்தொடர்களில் கை வைக்க இடமே கிடையாது. உறுதியாக மறுப்பது, கண்டிப்புக் காட்டுவது என்று பொருள். ‘யுவர்’ மட்டும் ‘மை’, ‘ஹர்’ என்று மாறும். ‘ஃபுட்’டைப் பன்மையாக்கினால் தொடரின் பொருளே போய்விடும்.

படித்ததை நினைவில் நிறுத்த, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டை இப்படி எழுதலாம். முன்பக்கம் தமிழில் ஒரு நிலைமை: ‘மழையால் விளையாட்டுப் போட்டியைத் தள்ளிப்போட்டார்கள்’. பின்பக்கம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம், ஒன்று பெயரோடு, ஒன்று ‘இட்’டோடு. அன்று மாலை ஒருமுறை, 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து முன்பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது அழுத்தம் ‘புட்’டில் அல்ல, ‘ஆஃப்’பில் விழவேண்டும். காதில் அந்த அழுத்தம் ஏறிவிட்டால் கேட்டல் தாளிலும் உதவும்.

எழுத்தில் இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள். படிவம் 5 இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வில், 1119 என்ற எண்ணுள்ள ஆங்கிலப் பாடத்தின் எழுத்துத் தாளின் முதல் பகுதியில் நண்பருக்கு 80 சொல் அளவில் மின்னஞ்சல் எழுதச் சொன்னால் ‘புட் ஆஃப்’ இயல்பாகப் பொருந்தும். பள்ளி முதல்வருக்கு அறிக்கை என்றால் ‘போஸ்ட்போன்’ என்றே எழுதுங்கள்.