மரியாதைக்காகச் சாப்பிட்டேன்

கேள்வி: கோபன்ஹேகனில் வசிக்கிறோம். விடுமுறைக்குக் கணவர், எட்டு மாதக் குழந்தையோடு வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்குப் போனோம். தங்கிய வீட்டுப் பாட்டி திமிங்கிலக் கறி பரிமாறினார். மறுக்காதே என்று கணவர் கண்ணைக் காட்டினார், சாப்பிட்டேன். நிறைமாதமாக இருந்த அந்த வீட்டு மருமகள்கூட உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொண்டாள், யாரும் அவளை வற்புறுத்தவில்லை. மாடியில் குழந்தை பாலுக்கு அழுததால் சீக்கிரம் எழுந்துவிட்டேன். படம் போட்டதிலிருந்து சொந்தக்காரர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். நான் செய்தது பாவமா?

பதில்: ‘போன இடத்தில் மரியாதைக்காகச் சாப்பிட்டேன், மனசு உறுத்துகிறது’ என்று எனக்கு அடிக்கடி கடிதம் வரும். பாவ புண்ணியத்தை அப்புறம் பார்க்கலாம். அந்த மருமகளின் தட்டைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அவள் ஏன் கறியைத் தொடவில்லை என்று கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். கடலில் கலந்த பாதரசம் கணவாயிலும் மீனிலும் ஏறி, அவற்றைத் தின்னும் பைலட் திமிங்கிலத்தின் கறியில் வந்து சேர்கிறது. அந்தத் தீவுகளில் 1986, 87-ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் பாதரசத்தை அளந்தார்கள். ஏழு வயதில் சோதித்தபோது, அளவு கூடியிருந்த பிள்ளைகள் பேச்சிலும் கவனத்திலும் ஞாபகத்திலும் பின்தங்கியிருந்தார்கள். 2008-ல் அங்குள்ள தலைமை மருத்துவ அதிகாரியே இந்தக் கறி இனி மனிதர் உண்ணத் தக்கதல்ல என்றார். 2011-ல் அரசின் உணவுத் துறை பெரியவர்களுக்கு மாதம் ஒருவேளை போதும் என்றது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சாப்பிடவே வேண்டாம் என்றது.

அந்த மாமியார் தன் தட்டில் கறுத்த கறியையும் வெள்ளைக் கொழுப்பையும் வைத்துக்கொண்டு, மருமகளுக்கு ஒரு துண்டுகூட நீட்டவில்லை. ‘பால் கொடுக்கிறேன்’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் தட்டையும் அவரே எடுத்துக்கொண்டு போயிருப்பார். கணவர் கண்ணைக் காட்டினாராம்! பிள்ளை பெற்றவள் எதைச் சாப்பிட வேண்டும் என்று அவர் கண்ணால் சொல்வதும், நீங்கள் வாய்மூடி விழுங்குவதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. குழந்தைக்குக் கொடுக்கிற பாலுக்கு அப்புறம்தான் விருந்தாளியின் மரியாதை.

சரி, திமிங்கிலத்தைக் கொல்வது பாவமா? 1584 முதலே பதிவுள்ள வழக்கம் அது. கறியை ஊருக்குள் பங்கு போட்டு இலவசமாகக் கொடுப்பார்கள். பயிர் சரியாக விளையாத தீவில் குளிர்காலத்தைக் கடத்த உதவிய உணவை நான் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 1,400-க்கும் மேற்பட்ட டால்ஃபின்களைக் கொன்றார்களே, அந்தத் தீவுக்காரர்களிலேயே பலர் கண்டித்தார்கள். தேவைக்கு மிஞ்சிக் கொல்வதை எந்த வழக்கத்தைச் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது.

சொந்தக்காரர்களுக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். நாளைக்கே குழந்தையின் டாக்டரைக் கூப்பிட்டு, எந்தத் தேதியில் எத்தனை துண்டு சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். நீங்களாகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். பேசும்போது கணவரைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள், டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.