டாக்பேக் 'பட்டன், பட்டன்' என்றே சொன்னால்

அண்ணாச்சி, உங்கள் மார்த்தாண்டம் தேன் தளத்தில் பார்வையற்ற ஒருவரால் ஆர்டர் போட முடியவில்லை, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு போன் வசதியான டாக்பேக் வெறும் 'பட்டன், பட்டன்' என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு அவர் போனில் இல்லை. கூடைப் படத்தையே பட்டனாக வைத்திருப்பீர்கள். அதற்குப் பெயர் கிடையாது. படத்துக்கான மாற்று எழுத்தில் (ஆல்ட் டெக்ஸ்ட்) 'கூடையில் சேர்' என்று எழுதுங்கள். நாகர்கோவிலில் ஒரு நேந்திரம் சிப்ஸ் கடைக்குத் தளம் செய்தபோது நானும் இதே தப்பைச் செய்தவன்தான்.

முகவரிக் கட்டங்களுக்கும் எதை நிரப்ப வேண்டும் என்று சொல்லும் லேபிள் வேண்டும். உள்ளே மங்கலாகக் கிடக்கும் குறிப்பு போதாது. அப்புறம், தளத்தின் நிரலில் (code) பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றிருந்தால் தமிழாக்குங்கள். இல்லையென்றால் தமிழை ஆங்கிலக் குரல் கடித்துத் துப்பிவிடும். மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து எனக்கே தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5:1 ஆவது இருக்கட்டும்.

சரி, மாற்றிய பிறகு டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நீங்களே ஒரு பாட்டில் ஆர்டர் செய்து பாருங்கள்.