அப்பத்தாவின் பெட்டகம் மெல்போர்ன் போகுமா?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்கு பிரிக்கிறார்கள். கணவரின் அப்பத்தா கல்யாணத்தில் சீராக வந்த தேக்குப் பெட்டகம் எங்கள் பங்குக்கு வருகிறது. நாலரை அடி நீளம், முகப்பில் கஜலட்சுமியும் இரு பக்கமும் கிளிகளும் செதுக்கியிருக்கும், மூலைகளில் பித்தளைப் பட்டை. கல்யாணம் 1930 வாக்கில் என்பார்கள். மெல்போர்னில் இருக்கும் மகள் ஆசைப்படுகிறாள். காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர், பாலிஷ் போட்டு, சான்றிதழும் தானே வாங்கி, கப்பலில் அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். நம்பிக் கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பெட்டகம் ஆஸ்திரேலியா போக முடியுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். பாலிஷ், சான்றிதழ், கப்பல் என்று மூன்றையும் ஒரே ஆள் சேர்த்துப் பேசுகிறார் என்றாலே நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடச் சொல்வேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-இல் இயற்றி 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு ஆன கலைப்பொருளோ கைவேலைப்பாடுள்ள பொருளோ எதுவானாலும் அது தொல்பொருள். அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும்தான் அனுப்பலாம். விற்கவில்லை, பெற்ற பெண்ணுக்குத்தான் கொடுக்கிறேன், வேண்டிய வரியைக் கட்டுகிறேன் என்று என்ன சொன்னாலும் எடுபடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. துறைமுகத்தில் பெட்டி பிடிபட்டால் அதிகாரிகள் முதலில் தேடுவது காகிதத்தில் பெயர் இருக்கும் ஆளைத்தான். கடைக்காரர் பெயர் அதில் இருக்காது, உங்கள் பெயர் இருக்கும். ‘பழைய வீட்டுச் சாமான்’ என்று பட்டியலில் ஒரு வரி போட்டு அனுப்பிவிடுவதுதான் இவர்களில் பலர் செய்கிற வழி.

ஆக உங்கள் விஷயத்தில் எல்லாம் வயதில்தான் இருக்கிறது. நூறு ஆகவில்லை என்றால் அனுப்பலாம். ஆனால் ‘ஆகவில்லை’ என்று நீங்களோ நானோ சொன்னால் போதாது, கடைக்காரர் சொன்னால் சுத்தமாகப் போதாது. இந்தியத் தொல்லியல் துறை, அதாவது மத்திய அரசின் துறை, ‘இது தொல்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் தர வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் கடிதம் சுங்கத்தில் செல்லாது. கைவினைப் பொருள் ஏற்றுமதிக்காரர்கள் காட்டும் மரச் சான்றிதழ் மரம் சட்டப்படி வந்ததா என்பதற்கு மட்டும்தான், வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைத்தான் பளபளவென்று லேமினேட் செய்து நீட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நூறு ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பெட்டகம் சரியாக அந்த ஓரத்தில் நிற்கிறது. கோடு ஒரே இடத்தில் நிற்காது. 1930-இல் செய்த பெட்டகம் 2030-இல் தொல்பொருள் ஆகிவிடும். இன்று அனுப்பக்கூடியது, மகள் வீடு வாங்கட்டும் என்று நாலைந்து வருடம் காத்திருந்தால் அனுப்ப முடியாததாகிவிடும். இன்னொன்று, கல்யாணம் நடந்த வருடமும் பெட்டகம் செய்த வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதிதாகச் செய்து கொடுத்தார்களா, பெண் வீட்டில் ஏற்கெனவே இருந்ததைத் தூக்கிக் கொடுத்தார்களா? இசைகுடிமானம், அதாவது கல்யாணத்தைப் பதிவு செய்து எழுதிய ஏடு, இருந்தால் கல்யாணத் தேதி உறுதியாகிவிடும். சீர்ப் பட்டியலோ, ஆசாரிக்குக் கூலி கொடுத்த கணக்கோ பழைய பேரேட்டில் இருந்தால் அது தங்கம். மூடியின் உள்பக்கம் விலாசம், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள், எழுதியிருக்கிறதா பாருங்கள், அவை பெண் வீட்டுடையவையா மாப்பிள்ளை வீட்டுடையவையா என்பதிலேயே பாதி விடை கிடைக்கும்.

அப்புறம் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு பெட்டகத்திடம் போங்கள். கீல் திருகாணிகளின் தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா? தச்சர்கள் ஸ்டார் ஸ்குரூ என்கிற கூட்டல் குறித் தலை 1930-களின் நடுவில் அமெரிக்காவில் வந்த சங்கதி, அதற்கு முந்திய பெட்டகத்தில் அது இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பூட்டில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் பூட்டு 1887-க்குப் பிந்தியது, இங்கிலாந்து அந்த வருடம் போட்ட சட்டத்துக்குப் பிறகுதான் அப்படிப் பொறிக்கும் வழக்கம் பரவியது. பூட்டைச் சுற்றி மரத்தில் வேறு அளவில் பழைய தழும்பு தெரிந்தால் பூட்டு மாறியிருக்கிறது. அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள்: கையால் வாய்ச்சி போட்ட மரம் மேடும் பள்ளமுமாக இருக்கும், வட்ட ரம்பத்தில் அறுத்ததில் ஒரே வளைவான கோடுகள் வரிசையாக ஓடும். இது எதுவும் தனியாக நின்று வயதை நிரூபிக்காது, ஆனால் அதிகாரி முன்னால் பேச உங்களுக்கு ஆதாரம் வேண்டும்.

இப்போது புரிகிறதா, பாலிஷ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று? பட்டறைக்குப் போனால் முதலில் இழைத்துவிடுவார்கள், விலாசம் போய்விடும். திருகாணி மாறும், பூட்டு மாறும். வயதைச் சொல்லக்கூடிய அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போன பிறகு துறைக்காரர் எதைப் பார்த்துச் சொல்வார்? இதைவிட மோசமான வேலையும் நடக்கிறது. கஜலட்சுமிப் பலகையை மட்டும் கழற்றிவிட்டு, இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த பழைய பர்மாத் தேக்கில் நகல் செதுக்கிப் பொருத்திவிடுவார்கள். மரம் நிஜமாகவே பழசு என்பதால் நிறத்தை வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. செதுக்கலின் உள்மூலைகளைப் பாருங்கள். உளி போட்ட மூலை கூர்மையாக இருக்கும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இயந்திரம் குடைந்தது எல்லா மூலையிலும் ஒரே அளவு உருண்டையாக நிற்கும், இடது கிளியும் வலது கிளியும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். பெட்டகத்தை இப்போதே எல்லாப் பக்கமும், அடிப்பக்கமும், மூடியைத் திறந்தும், போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

சான்றிதழுக்கு உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. 2020-இல் திருச்சிக்கும் ஒரு வட்டம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தை எங்கே வாங்குவார்கள், இவ்வளவு கனமான சாமானை நேரில் கொண்டுவரச் சொல்வார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், பெட்டகத்தை மினி லாரியில் ஏற்றிவிட்டுக் கேட்காதீர்கள். பொறுமை வேண்டும். கோயில் சிலை கடத்தலுக்குப் போட்ட பூட்டை அப்பத்தா துணி வைத்த பெட்டிக்கும் போட்டிருக்கிறார்கள், என்ன செய்ய? செட்டிநாட்டில் வீடு வீடாக இடித்து, தூணைத் தனியாக, நிலையைத் தனியாக, கதவைத் தனியாக லாரி லாரியாக விற்றுத் தீர்த்தபோது இந்தச் சட்டம் தடுக்கவில்லை, உரிமம் உள்ள வியாபாரி நாட்டுக்குள்ளே விற்கலாம். பெற்ற மகளுக்குக் கொடுக்க நினைக்கும் குடும்பம்தான் அலைய வேண்டும். 2017-இல் திருத்தி எழுதுகிறோம் என்று ஒரு வரைவு மசோதா வந்தது, வந்த இடத்திலேயே நிற்கிறது.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் மிச்சம் பூச்சிதான். தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, எளிதில் பூச்சி தொடாது, ஆனால் வெளுத்த ஓரப் பலகை இருந்தால் உளுக்கும். பெட்டகத்துக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் விடுங்கள், புதிதாகத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் இதில் ரொம்பக் கறார், இறங்கும் இடத்தில் பூச்சி தெரிந்தால் உங்கள் செலவில் மருந்தடிப்பார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ சொல்வார்கள். அவர்கள் அங்கீகரித்த நிறுவனத்திடம் இங்கேயே புகைமருந்து போட்டு அந்தச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றி அடிக்கிற மரச்சட்டத்துக்கும் பதப்படுத்திய முத்திரை வேண்டும்.

பெட்டகத்தில் ஈட்டி மரமோ தந்த வேலையோ இருந்தால் நான் இதுவரை சொன்னது போதாது, அவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு. தந்தம் என்றால் அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

நூறு தாண்டியது என்று துறை சொல்லிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை, பதிவு செய்ய வேண்டுமா என்று மட்டும் துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ‘இதை வைத்திருந்தாலே கேஸ் வரும், என்னிடம் தள்ளிவிடுங்கள்’ என்று அதே கடைக்காரர் அப்போது வந்து நிற்பார், கதவைச் சாத்துங்கள். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் மகள் பெயரில் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள். ‘மேலே கொடுத்துவிட்டேன்’ என்று சொன்னால் யாரிடம், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.