பிரபஞ்சம் விரிந்தால் தென்காசி தள்ளிப் போகுமா?

கேள்வி: அண்ணாச்சி, பிரபஞ்சம் விரிகிறது என்கிறார்களே, அப்போ திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவே தூரமும் கூடுமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: கூடாது தம்பி, பஸ் லேட்டானால் பழியைப் பிரபஞ்சத்தின் மேல் போட முடியாது. விரிவது கேலக்ஸி எனும் நட்சத்திர மண்டலங்களின் கூட்டங்களுக்கு நடுவே கிடக்கும் வெளிதான். தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும் என்று 1929-ல் வானியலாளர் ஹப்பிள் காட்டினார்; இன்றைய அளவீட்டில், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு) தூரத்துக்கும் விநாடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகம் கூடும். ஆனால் ரோட்டுக்கு அடியில் உள்ள பாறையை அணுக்களுக்கு இடையிலான மின்விசையும், பூமியைச் சூரியனின் ஈர்ப்பும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, அங்கெல்லாம் விரிவின் பாச்சா பலிக்காது. இவ்வளவு ஏன், 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவே விலகாமல் விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம்தான் வருகிறது! மார்கழியில் மழை விட்ட, நிலா இல்லாத நாளில், நன்றாக இருட்டியதும் பாபநாசம் பக்கம் விளக்கில்லாத இடமாகப் பார்த்து நின்று வடக்கே அண்ணாந்து பாருங்கள், மங்கலான வெள்ளைத் திட்டாக வெறும் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: சரி, எதற்குள்ளே விரிகிறது?

பதில்: எதற்குள்ளேயும் இல்லை. வெளியே காலி மனை இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை, உள்ளே இருக்கிற இடைவெளிகளே நீளுகின்றன. இதற்கு மேல் கேட்டால் கணக்குப் போட வேண்டியிருக்கும், ஆசிரியர் இடம் தர மாட்டார்.